ரேஷன் கார்டில் இல்லாத பெயர்

ஊரப்பாக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதும் நிரல் யார் யாரை நம்பி ஓடுகிறது? 2021 டிசம்பரில் இந்தக் கேள்வி உலகத்தையே உலுக்கியது. லாக் எழுத உதவும் ஜாவா லைப்ரரியான லாக்4ஜேவில் ஓர் ஓட்டை. லாக்கில் பதிவாகும் ஒரு வரியை வைத்தே சர்வரைக் கைப்பற்றலாம். 2013லேயே நுழைந்த ஓட்டை அது. அடைப்பதைவிடத் தேடுவதுதான் பெரும்பாடாச்சு. பலருடைய சார்புப் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. வேறொரு லைப்ரரியின் முதுகில் ஏறி வந்திருந்தது.

2024 அக்டோபரில் நம் நாட்டின் செர்ட்-இன், மென்பொருளின் உட்பொருள் பட்டியலுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நேரடியாகப் பயன்படுத்துவதை எழுதணும், விட்டதை நீக்கணும், கூடவே வந்ததை ஒவ்வொரு பில்டிலும் கருவியை வைத்து எடுக்கணும். இறந்தவரை நீக்காமல், பிறந்த குழந்தையைச் சேர்க்காமல் வைத்திருக்கும் ரேஷன் கார்டு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது.