மூணு ரூபாய் டைட்டன்: ஓசூர்க் கதையின் உண்மைக் கணக்கு

எங்க ஊர் பேரிகை. கர்நாடக எல்லை பக்கத்துலயே இருக்கு. எங்க தெருவுல பல வீட்ல யாராவது ஒருத்தர் ஓசூர் கம்பெனிக்கு ஷிஃப்ட்டுக்குப் போறவங்க. அதனால ஷேர்னு பேச்சு எடுத்தாலே டீக்கடையில முதல்ல வர்ற பேர் டைட்டன். "ஜுன்ஜுன்வாலா மூணு ரூபாய்க்கு வாங்கினாருப்பா!"

அதைக் கேட்டுத்தான் 2021ல நானும், ரெண்டு ரூபாய் சொச்சத்துக்கு இருந்த ஒரு ஷேர்ல 40,000 ரூபாய் போட்டேன். பைக் வாங்க வெச்சிருந்த காசு. அந்தக் கம்பெனி என்ன தயாரிக்குதுன்னுகூட தெரியாது. டெலிகிராம் குரூப்ல சொன்னாங்க.

இப்போ அந்த மூணு ரூபாயைப் பார்ப்போம். டைட்டன் 1984ல டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. ராகேஷ் ஜுன்ஜுன்வாலா வாங்க ஆரம்பிச்சது 2002-03 வாக்கில். 2011ல அந்த 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகளா பிரிச்சாங்க. கூடவே ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ். ஆக, பழைய ஒரு பங்கு இன்னைக்கு 20 பங்கு. மூணு ரூபாயை 20ஆல பெருக்குங்க. அன்னைக்கு அவர் கொடுத்தது சுமார் 60 ரூபாய். அதாவது, டைட்டன் அப்போ பென்னி ஸ்டாக்கே இல்லை!

அன்னைக்கு டைட்டனுக்குக் கஷ்டம் இருந்தது உண்மை. ஐரோப்பாவுல கடிகாரம் விற்கப் போய் நஷ்டம். தனிஷ்க் முதல்ல கொண்டுவந்த 18 காரட் நகை நம்ம மக்கள்கிட்ட எடுபடலை. அப்புறம் 22 காரட்டுக்கு மாறினாங்க. தங்கத்தோட தரத்தை அளந்து காட்டும் காரட் மீட்டரைக் கடையில வெச்சாங்க. ஆனா அத்தனை வருஷமும் ஓசூர்ல தொழிற்சாலை ஓடிச்சு, ஊரெல்லாம் வாட்ச் வித்துச்சு. ஜுன்ஜுன்வாலா காத்திருந்தது வெறும் விலைக்காக இல்லை, கண்ணால பார்க்கக்கூடிய ஒரு வியாபாரத்துக்காக. டிட்கோவும் காத்திருந்தது. இன்னைக்கும் அதுகிட்ட சுமார் 28 சதவீதப் பங்கு இருக்கு, டாட்டா குழுமத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

இதே காலத்துல சென்னையில இன்னொரு கதை. பென்டாஃபோர் சாஃப்ட்வேர், பின்னாள்ல பென்டாமீடியா கிராஃபிக்ஸ். கேதன் பரேக்குக்குப் பிடிச்ச பங்குகள்ல ஒண்ணு. 2000 தொடக்கத்துல விலை எங்கேயோ போச்சு. 2001 மார்ச்ல பரேக் கைதானார். அந்தப் பங்கு கடைசியில சில ரூபாய்க்கு வந்து நின்னுது. அதையும் பொறுமையா வெச்சிருந்தவங்க இருந்தாங்க. அந்தப் பொறுமைக்கு எந்தப் பலனும் இல்லை.

டைட்டன் கதையை ஊரே சொல்லுது. மத்த கதையைச் சொல்ல யாரும் டீக்கடைக்கு வர்றதில்லை.

என் ஷேர்? முதல் பத்து நாள் ஏறிச்சு. அப்புறம் தினமும் லோயர் சர்க்யூட். காலையில 9:15க்கே விற்க ஆர்டர் போடுவேன். வாங்க ஆளே இருக்காது. விலை குறைஞ்சதைவிட, வெளியே வர வழியில்லாம மாட்டிக்கிட்டதுதான் வலிச்சுது. கடைசியா கைக்கு வந்தது 6,000 ரூபாய்.

இப்பவும் யாராவது "சீப்பா ஒரு ஷேர் சொல்லுங்கண்ணா"ன்னு கேட்டா நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான்: அந்தக் கம்பெனி என்னப்பா விற்குது, யார் வாங்குறாங்க? பதில் தெரிஞ்சா காத்திருக்கலாம். தெரியலைன்னா பைக் வாங்கிடுங்க.