கத்திக்கு முந்திய கைவேலை

சாயங்காலம் ஆறு மணி ஆனால் மதினி எண்ணெய்க் கிண்ணத்தோடு திண்ணைக்கு வந்துவிடுவார். இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவி, மெல்ல நிமிர்த்தி, பத்து எண்ணும்வரை பிடித்திருந்து விடுவார். பட்டாசு வேலையில் மருந்து பற்றி வெந்த கை அது. புண் ஆறிவிட்டது. ஆறிய தோல் சுருங்கி, மூன்று விரல்களை உள்ளங்கைப் பக்கம் இழுத்து நிறுத்திவிட்டது. தழும்பு நன்றாக முதிரட்டும், பிறகு ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது.

“வெட்டிச் சரிபண்ணப் போற கைதான தாயி, இப்ப எதுக்குப் போட்டுத் தேய்க்க?” என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார்.

“உள்ள முட்டி இறுகிக் கெடந்தா டாக்டர் தோலை மாத்தியும் பிரயோசனம் இல்லையாம் அண்ணாச்சி. பிசியோதெரபி பாப்பா சொல்லிட்டுப் போயிருக்கு.”

எங்கள் ஊர் ஆலங்குளத்துக்கு அண்ணாச்சியின் கேள்வி புதிது. வேலூரில் எழுபது வருடங்களுக்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை தேடி மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

அப்படி மல்லுக்கட்டியவர்களில் ஒருவரான பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். லண்டனில் முதலில் கட்டட வேலை பழகினார். தச்சும் கொத்தும் கற்ற பிறகுதான் மருத்துவம் படிக்கப் போனார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு வருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் மருத்துவரோடு சுற்றிப் பார்த்தார். கொக்கிபோல மடங்கிய விரல்கள் கொண்ட ஒரு நோயாளியிடம் தன் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை, என்ன பிடிக்கப் போகிறது என்று நினைத்தவருக்கு நகம் பதிந்து வலித்தது. அத்தனை வலு அந்தக் கையில் மிச்சமிருந்தது.

காரணம் பிறகு விளங்கியது. தொழுநோய், முழங்கைக்கு அருகே ஓடும் நரம்பைக் கெடுக்கிறது. அதனால் உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள் செயலற்றுப் போகின்றன. முன்கையிலுள்ள பெரிய தசைகளில் பல நன்றாகவே இருக்கும். அவை மட்டும் எதிர்ப்பின்றி இழுப்பதால் விரல் மடங்கிக் கொக்கியாகிறது. அப்படியானால் நல்ல தசை ஒன்றின் நாணைப் பிரித்து, செத்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டலாம். 1948-இல் பிராண்ட் அந்த அறுவையைத் தொடங்கினார்.

கட்டியது கட்டியபடி வேலை செய்ய வேண்டுமே! வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்த விரலில் தோலும் மூட்டைச் சுற்றிய உறையும் குறுகிப்போயிருக்கும். அசையாத மூட்டில் எவ்வளவு நல்ல நாணைக் கட்டினாலும் துருப்பிடித்த கதவுக்குப் புதுக் கயிறு கட்டிய கதைதான். முதலில் மூட்டைத் தளர்த்து, பிறகு நாணை மாற்று என்பதை அமெரிக்கக் கை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் முன்பே எழுதியிருந்தார். ஆனால் அவர் பார்த்த கைகளுக்கு வலி தெரியும். வேலூருக்கு வந்தவை சுட்டாலும் வெட்டினாலும் தெரியாத கைகள்.

அங்கேதான் பிசியோதெரபிஸ்ட் தேவைப்பட்டார். சீனாவிலிருந்து வேலூருக்கு வந்து சேர்ந்த ரூத் தாமஸ் அந்த வேலையைத் தொடங்கி வைத்தார். தொழுநோயாளியைத் தொடவே மருத்துவமனைகள் தயங்கிய காலத்தில், அந்த விரல்களைத் தன் கையில் எடுத்து மணிக்கணக்கில் நீவிய வேலை அது. இந்தக் கதையில் அறுவை மருத்துவரின் பெயரைப் பேசுகிற அளவுக்கு இவர் பெயரை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு.

உருக்கிய மெழுகில் கையை முக்கி இளக்கினார்கள். எண்ணெய் தேய்த்து நீவினார்கள். நோயாளிக்குச் சூடு தெரியாது என்பதால் அதைப் பார்க்கும் பொறுப்பு முழுக்கச் சிகிச்சை தருபவருடையது. இதற்கும் மசியாத விரலைக் கொஞ்சமே நிமிர்த்தி, சுற்றிலும் மெல்லிய மாவுக்கட்டுப் போட்டார்கள். சில நாளில் பிரித்து, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, மறுபடி கட்டினார்கள்.

எவ்வளவு இழுத்தால் தாங்கும் என்பதைப் பிராண்டுக்குக் கற்றுக்கொடுத்தவை கைக்குழந்தைகள். வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளைப் பசியோடு கொண்டுவரும்படி தாய்மாரிடம் சொல்வார். குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே பாதத்தை மெல்லத் திருப்பிக் கட்டுப் போடுவார். குழந்தை மார்பை விட்டுத் திரும்பிப் பார்த்தால் இழுப்பு கூடிவிட்டது என்று பொருள், உடனே தளர்த்துவார். முரட்டுத்தனமாக இழுத்தால் தசை உள்ளே கிழிந்து, தழும்பாகி, முன்னைவிட இறுகும். பொறுமையாக நீட்டி வைத்திருந்தால் உயிருள்ள தசை தானே வளர்ந்து நீளும். திரும்பிப் பார்த்துச் சொல்ல முடியாத தொழுநோய்க் கைக்கோ, வீக்கத்தையும் சிவப்பையும் தோலின் சூட்டையும் பார்த்து அளவு கண்டார்கள்.

கை இளகியதும் மனசுக்குப் பாடம். இடம் மாற்றப்போகும் தசை எதுவோ அதை மட்டும் தனியாக இறுக்கித் தளர்த்தப் பழக்கினார்கள். மணிக்கட்டைத் தூக்கும் தசை நாளை விரல் வேலைக்கு வரப்போகிறது. அதைக் கூப்பிடத் தெரியாமல் அறுவை மேசையில் படுத்தால், மூன்று வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தபின் எதை அசைப்பது என்றே தெரியாமல் திகைக்க வேண்டியிருக்கும்.

1951-இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று எளிய குடிசைகள் எழுந்தன. கை நிமிர்ந்தவர்கள் அங்கே தச்சு வேலை பழகினார்கள். பழகிய கட்டட வேலை பிராண்டுக்கு இங்கே கைகொடுத்தது. பின்னாளில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் இந்த முறையை வளர்த்தெடுத்தது.

அறுவைக்கு முன்னால் உடம்பைப் பக்குவப்படுத்துவது இன்று உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெரிய வயிற்று அறுவைக்கு வந்த 441 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. எல்லாருக்கும் கையேடு கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து, மயக்கம் தெளிந்ததும் எப்படி ஆழமாக மூச்சிழுப்பது, எப்படி இருமுவது என்று சொல்லிக்கொடுத்தார். கையேடு மட்டும் வாங்கியவர்களில் 100-க்கு 27 பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. நேரில் கற்றுக்கொண்டவர்களில் 100-க்கு 12 பேருக்குத்தான். அரை மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான்! ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தேதி எழுதித் தரும் நம் மருத்துவமனைகள் இந்த அரை மணிக்கும் ஒரு தேதி எழுதித் தரக்கூடாதா?

எங்கள் வட்டாரத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. சிவகாசி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று எந்தப் பக்கம் வெடித்தாலும் செத்தவர் கணக்கு பேப்பரில் வரும். பிழைத்தவர் கை எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வருகிறது. திண்ணைக்கு அது வந்த நாளை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

வெந்த கைக்கு, தொழுநோய்க் கைக்கு இல்லாத ஒரு துணை உண்டு. நேற்று மதினியிடம் கேட்டேன், எதுவரைக்கும் இழுப்பீர்கள் என்று.

“இழுவை தெரியணும். சுர்ருன்னு வந்துச்சுன்னா அந்த இடத்துல நிப்பாட்டிருவேன்” என்றார். சொல்லிக்கொண்டே மோதிர விரலைப் பிடித்து நிமிர்த்தினார். எட்டு எண்ணும்போது முகம் லேசாகச் சுளித்தது. கையைத் தளர்த்திவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.