காற்றுக்குப் புகலிடம்: நிலவறை முதல் புயல் பாதுகாப்பு மையம் வரை

கடுங்காற்றிலிருந்து உயிர் காக்க அமைக்கப்படும் புகலிடம் எல்லா நாடுகளிலும் ஒரே வடிவில் இருந்ததில்லை. அமெரிக்கச் சமவெளியில் அது மண்ணுக்குள் இறங்கியது. வங்கக் கடலோரத்தில் தூண்களின் மேல் ஏறியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி எனப் பரந்து கிடக்கும் கரிசல் காட்டு ஊர்களில் நிலவறையும் இல்லை, தூண் மேல் நிற்கும் மையமும் இல்லை. காற்று வரும் விதம், மண்ணின் குணம், வீட்டின் கட்டுமானம் ஆகிய மூன்றுமே புகலிடத்தைத் தீர்மானித்துள்ளன.

மண்ணுக்குள் ஓர் அறை

புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது. அது வருவதை ஓரிரு நாள் முன்பே அறியலாம். டொர்னாடோ எனப்படும் சுழல்காற்று இடிமேகத்திலிருந்து தரைவரை நீளும் காற்றுத்தூண். அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். முன்னறிவிப்புக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஊரைவிட்டு வெளியேற நேரமில்லாததால் வீட்டிலேயோ வீட்டருகிலோ புகலிடம் தேவைப்பட்டது.

கன்சாஸ், ஓக்லஹோமா போன்ற பகுதிகளில் குடியேறிய உழவர்கள் வீட்டுக்கு அருகே குழி தோண்டி, மேலே மண் மூடி, சாய்வான கதவு பொருத்தினர். மற்ற நாட்களில் கிழங்கும் காய்கறியும் வைக்கும் அறையாகவும் அது பயன்பட்டது. வீட்டுக்கு அடியில் நிலவறை கட்டும் வழக்கம் பரவியபின், அதன் தென்மேற்கு மூலையே பாதுகாப்பானது என்று மக்கள் நம்பினர். 1966 ஜூன் 8 அன்று டொபீகா நகரைச் சுழல்காற்று தாக்கியது. சேதமடைந்த வீடுகளை ஆராய்ந்த கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஈகிள்மன், தென்மேற்குப் பகுதி அவ்வளவு பாதுகாப்பானதல்ல என்று காட்டினார்.

நிலவறை இல்லாத வீடு

1970 மே 11 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் லப்பாக் நகரைச் சுழல்காற்று தாக்கியதில் 26 பேர் இறந்தனர். இடிபாடுகளை ஆராய்ந்த டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள், வெளிச்சுவர்கள் விழுந்த வீடுகளிலும் நடுவிலிருந்த சிறிய அறைகள் நின்றிருப்பதைக் கண்டனர். அத்தகைய அறையைக் கான்கிரீட்டும் இரும்பும் கொண்டு வலுப்படுத்தினால் தரைக்கு மேலேயே உயிர் காக்கலாம் என்ற கருத்தை எர்னஸ்ட் கீஸ்லிங் வளர்த்தெடுத்தார்.

சாதாரண உள்ளறை எல்லாக் காற்றையும் தாங்காது. 1997 மே 27 அன்று டெக்சாஸின் ஜாரல் ஊரில் பல வீடுகள் அடித்தளம் மட்டும் மிஞ்சும்படி துடைத்தெறியப்பட்டன. 27 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமை, வீட்டுக்குள் கட்டும் பாதுகாப்பு அறைக்கான வரைபடங்களை வெளியிட்டது. மணிக்கு சுமார் 400 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்க வேண்டும், சுவரும் கூரையும் அடித்தளத்தோடு இறுகப் பிணைக்கப்பட வேண்டும், பறந்து வரும் மரக்கட்டை கதவைத் துளைக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள்.

கடலோரத்தில் மேல்தளம்

தமிழகக் கடலோரத்தில் நிலவறை உயிரைக் காக்காது, பறித்துவிடும். அங்கே காற்றோடு கடலும் ஊருக்குள் வருகிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தொடங்கிய அழிவில் தனுஷ்கோடி மூழ்கியது. பயணிகள் ரயில் ஒன்றும் அலையில் சிக்கியது. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயலில் 560 பேர் இறந்தனர். சுமார் 10 லட்சம் பேர் வீடிழந்தனர். ஒரு வாரத்துக்குள் ஆந்திரத்தின் திவிசீமையைப் புயலும் பேரலையும் தாக்கியதில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர்.

இந்த அழிவுகளுக்குப் பின் கிழக்குக் கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் பெருகின. கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டுத் தூண்கள் மேல் கட்டினால் வெள்ளம் அடியில் கடந்துபோகும். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013-இல் பைலின் புயலுக்கு முன் அதே மாநிலத்தில் சுமார் 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். இறப்பு சில பத்துகளுக்குள் நின்றது. கட்டடமும் முன்னறிவிப்பும் போக்குவரத்தும் சேர்ந்தே இதைச் சாதித்தன. 2013-க்குப் பின் உலக வங்கியின் உதவியோடு தமிழகக் கடலோரத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. புயல் இல்லாத காலத்தில் இவை ஊரின் பிற தேவைகளுக்கும் பயன்படுமாறு திட்டமிடப்பட்டவை.

கரிசல் காட்டு வழியே 1978 புயல்

புயல் கடற்கரையோடு நிற்பதில்லை. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சிதைத்த புயலால் இலங்கையில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுநாள் மாலை அது கீழக்கரைப் பகுதியில் கரையேறி, பின்னர் கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது. தமிழகப் பகுதியில் சுமார் 5,000 குடிசைகள் சேதமடைந்தன. அன்று அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985-இல்தான்.

புயல் இந்த மண்ணுக்கு எப்போதாவது வரும் விருந்தாளி. சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்றுதான் ஆண்டுதோறும் வருவது. தகரக் கூரையையும் சிமெண்ட் ஷீட்டையும் பிய்த்தெறிய அதுவே போதும்.

கரிசலில் ஏன் நிலவறை இல்லை?

கரிசல் மண் மழையில் உப்பும். வெயிலில் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இந்த அசைவு நிலத்தடிச் சுவரை ஆண்டுதோறும் தள்ளிக்கொண்டே இருக்கும். கண்மாய் நிறைந்த காலத்தில் அருகிலுள்ள பள்ளங்களில் நீரும் ஊறும். எனவே நிலவறை செலவு மிகுந்தது. பராமரிப்பது அதைவிடக் கடினம்.

இங்கே புகலிடம் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை, உள்ளேதான் இருக்கிறது. மண்சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்தவர்களுக்கு அது ஊரின் கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், வசதியானவர்களின் காரை வீடு. 2010-இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2024-இல் அறிவிக்கப்பட்ட 360 சதுர அடி கனவு இல்லத் திட்டம் ஆகியவை குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் வீட்டை முன்வைத்தன. குடிசைக்காரரின் புகலிடத்தை அவர் வீட்டுக்குள்ளேயே கொண்டுவரும் முயற்சியாகவும் இவற்றைக் காணலாம். அத்தகைய வீட்டிலும் காற்று அடிக்கும்போது ஷீட் போட்ட முன்பகுதியை விட்டு, சன்னல் இல்லாத உள் மூலைக்குப் போவதே நல்லது.

கதவு யாருக்குத் திறக்கும்?

பொதுப் புகலிடத்துக்கு உறுதியான சுவர் மட்டும் போதாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் பகுதி நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன. மண்டபத்தையும் அடுத்தவர் வீட்டையும் நம்பியிருக்கும் ஊர்களுக்கு இது நேரடியான பாடம். காற்று வரும் நேரத்தில் யார் உள்ளே வரலாம் என்று பேசிக்கொண்டிருக்க அவகாசம் கிடைக்காது. எந்தக் கட்டடம், அதன் சாவி யாரிடம், முதியவரையும் கைக்குழந்தையையும் அழைத்து வருவது யார் என்பவற்றை ஊர் முன்னதாகவே முடிவு செய்திருக்க வேண்டும்.