மின்வில்லும் ஒரு சிவப்பு எல்இடியும்

நார்ஃபோக்கில் என் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் நானே கட்டிய டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருக்கிறது. 137.5 கிலோஹெர்ட்ஸ், அதாவது நெட்டலையில் 2200 மீட்டர் பேண்ட். அதற்குள் ஒரு சிவப்பு எல்இடி உண்டு. அது ஒருநாளும் எரிந்ததில்லை. எரியக் கூடாது என்றுதான் தலைகீழாகப் பற்றவைத்திருக்கிறேன். மின்னழுத்தத்தைப் பின்பக்கமாகக் கொடுத்தால் எல்இடி ஒரு குட்டிக் கெபாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். அழுத்தம் கூடக் கூட அதன் கெபாசிட்டன்ஸ் குறையும். பக்கத்தில் இருக்கும் 11 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அதற்கு ஏற்ப ஒரு இம்மி மேலே ஏறும். அந்த ஒரு இம்மியில்தான் நான் பேசுகிறேன்.

பார்க்க வரும் ஹாம் நண்பர்கள் இதை ஏதோ புது உத்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அலையை நிறுத்தி நிறுத்தி அனுப்பாமல், அதன் அதிர்வெண்ணை மட்டும் நகர்த்திச் செய்தி சொல்வது நூறு வருடத்துக்கு முந்தைய சங்கதி. எஃப்.எஸ்.கே. என்ற பெயர் அதற்கு வருவதற்கு முன்பே அது இதே நெட்டலையில் பிறந்துவிட்டது. அப்போது அதை விரும்பி யாரும் பெற்றெடுக்கவில்லை.

1900-ல் லண்டனில் வில்லியம் டடல் என்பவர், இரண்டு கரிக்கோல்களுக்கு நடுவே எரியும் மின்வில்லைப் பாட வைத்தார். ஒரு சுருளையும் கெபாசிட்டரையும் பக்கத்தில் இணைத்ததும் வில் ஒரே சுருதியில் ஊதியது. டென்மார்க்கின் வால்டமர் பௌல்சன் அதே வில்லை ஹைட்ரஜனுக்குள் வைத்து, காந்தப்புலத்தைச் சேர்த்து, காதுக்கு எட்டாத வானொலி அதிர்வெண் வரை உயர்த்தினார். ஆஸ்திரேலியாவில் பிறந்த சிரில் எல்வெல் அந்தக் காப்புரிமையை 1909-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவுக்குக் கொண்டுபோனார். 1913-ல் ஆர்லிங்டனில் அமெரிக்கக் கடற்படை 100 கிலோவாட் தீப்பொறி டிரான்ஸ்மிட்டரையும் எல்வெல்லின் 30 கிலோவாட் வில்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. ஜெயித்தது வில். பிறகு பிரான்ஸின் போர்டோ அருகே 1000 கிலோவாட்டும், ஜாவாவின் மலபார் மலையில் அதைவிடப் பெரியதுமாக வில்கள் எரிந்தன.

இந்த வில்லிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஒருமுறை பற்றவைத்தால் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மோர்ஸ் வேகத்துக்கு அணைத்து அணைத்துப் பற்றவைக்க முடியாது. எனவே அதை எரியவிட்டுவிட்டு, ஆன்டெனாச் சுருளின் சில சுற்றுகளை மட்டும் கீயால் ஷார்ட் செய்தார்கள். கீயை அழுத்தினால் ஒரு அலைநீளம், விட்டால் சற்றே தள்ளி இன்னொன்று. முதலாவதில் செய்தி போனது. இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் ஈடுகட்டும் அலை என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். ரிசீவரைத் தவறுதலாக இரண்டாவதில் வைத்தவருக்கு மோர்ஸ் தலைகீழாகக் கேட்கும்: புள்ளியும் கோடும் மௌனமாக இருக்க, இடைவெளிகள் ஒலிக்கும்.

ஒரு நிலையம் வானத்தில் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது. நெட்டலையில் இடம் ஏற்கெனவே நெருக்கடி. அதனால் ஈடுகட்டும் அலைக்கு வீண்செலவு என்ற பெயர்தான் மிஞ்சியது. 1920-களில் வால்வுகள் வந்தன, வில்கள் அணைந்தன. கூடவே இந்த வழக்கமும் போய்விட்டது என்றுதான் அன்று நினைத்திருப்பார்கள்.

ஹாம்கள் எனப்படும் அமெச்சூர்களை அதற்கு முன்பே நெட்டலையிலிருந்து விரட்டியாகிவிட்டது. 1912-ன் அமெரிக்கச் சட்டம் அவர்களை 200 மீட்டருக்குக் கீழே தள்ளியது. பயனில்லாத இடம் என்று கொடுத்த அந்தச் சிற்றலையில்தான் அவர்கள் உலகம் சுற்றினார்கள். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நகர்த்தும் முறையும் அங்கேதான் திரும்பி வந்தது. ரேடியோ டெலிபிரிண்டருக்கு 850 ஹெர்ட்ஸ் நகர்வு, பிறகு 170 ஹெர்ட்ஸ்.

இங்கிலாந்தில் 1996-ல் 73 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறு துண்டு அமெச்சூர்களுக்குத் திறந்தது. 1998-ல் 136 கிலோஹெர்ட்ஸ். 2007-ன் உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 வரை எல்லா நாட்டு அமெச்சூர்களுக்கும் ஒதுக்கியது, அதிகபட்சம் 1 வாட் கதிர்வீச்சு என்ற வரம்போடு. ஒரு வாட் கேட்கக் கஞ்சத்தனமாகத் தெரியும். அதை எட்டுவதே பெரும்பாடு. 2200 மீட்டர் அலைக்கு என் ஆன்டெனாவின் உயரம் 10 மீட்டர். அதன் கதிர்வீச்சுத் தடை சுமார் 0.03 ஓம். மண்ணும் சுருளும் தின்னும் தடையோ 50 ஓம். 200 வாட் கொடுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அலையாகப் போகாது. நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் சுற்றிய லோடிங் காயிலின் உச்சியில் 9000 வோல்ட் நிற்கும். ஒரு தூறல் நாளில் அங்கே பொறி பறந்து டிரம்மில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அந்த உருகிய வாடை இன்னும் கொட்டகையை விட்டுப் போகவில்லை.

இவ்வளவு மெலிந்த அலையைத் தூரத்தில் பிடிக்க வேண்டுமென்றால் மெதுவாகப் பேச வேண்டும். ஒரு புள்ளிக்கு 3 விநாடி, 10 விநாடி, 60 விநாடி. காதால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் திரையில் கோடாக விழும், கண்ணால் படிக்க வேண்டும். நானும் அப்படித்தான் அலையை நிறுத்தி நிறுத்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். என் கால்சைனில் ஒரு பூஜ்ஜியம் உண்டு. மோர்ஸில் அது ஐந்து கோடு. ஒரு கோடு மூன்று புள்ளி நீளம். இடைவெளிகளையும் சேர்த்தால் 19 புள்ளி. புள்ளிக்கு 10 விநாடி என்றால் அந்த ஒரு பூஜ்ஜியத்துக்கே 190 விநாடி! அதற்குள் வானிலை மாறிவிடும்.

கோட்டை ஏன் நீளத்தால் அடையாளம் காட்ட வேண்டும்? உயரத்தால் காட்டலாமே. புள்ளி கீழே, கோடு 0.4 ஹெர்ட்ஸ் மேலே, இரண்டும் ஒரே நீளம். அதே பூஜ்ஜியம் 50 விநாடியும் கொஞ்சமும்தான். இதற்காகத்தான் எல்இடியைச் சேர்த்தேன். எல்வெல் காலத்தைப் போலச் சுருளை ஷார்ட் செய்வது இங்கே உதவாது. வில்லுக்கு அதிர்வெண்ணைச் சொன்னது ஆன்டெனாச் சுருள். என் பெட்டியில் அதைச் சொல்வது கிரிஸ்டல். 11 மெகாஹெர்ட்ஸை 80-ஆல் வகுத்துத்தான் 137.5 கிலோஹெர்ட்ஸ் எடுக்கிறேன். வெளியே 0.4 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் கிரிஸ்டலை 32 ஹெர்ட்ஸ் இழுத்தால் போதும். அதற்கு எல்இடி தாராளம்.

தாராளம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இணைப்புக் கெபாசிட்டர் பெரிதாக இருந்ததால் முதல் இரவு 3 ஹெர்ட்ஸ் தாவியது. ஜெர்மனியில் கேட்டுக்கொண்டிருந்த நண்பருக்கு இரண்டு வெவ்வேறு நிலையமாகத் தெரிந்ததாம். அதைச் சரி செய்ததும் குளிர் வந்தது. கிரிஸ்டல் பத்து லட்சத்தில் மூன்று பங்கு வழுகினாலே என் 0.4 ஹெர்ட்ஸ் முழுதும் போய்விடும். தெர்மாகோல் பெட்டி, உள்ளே சூடு கொடுக்க ஒரு ரெசிஸ்டர், மூடியில் டேப். அதன் பிறகு கோடு படிந்து நின்றது. பிறகு அதே எல்இடிக்கு நாலு மின்னழுத்தம் கொடுத்து, வானியலாளர் ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்ட டபிள்யூ.எஸ்.பி.ஆர். முறையையும் சேர்த்தேன். நாலு சுருதி, ஒன்றுக்கொன்று 1.46 ஹெர்ட்ஸ், 110.6 விநாடி. மொத்தம் 6 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் முடிந்துவிடும். வில்லின் காலத்தில் வீண்செலவு என்று திட்டு வாங்கிய முறைக்கு இதைவிடச் சிக்கனமான வாழ்க்கை இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் எங்கள் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் 1990 முதல் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. போன விடுமுறையில் ஒரு கம்பிச் சுருளை லேப்டாப்பில் மாட்டி 18.2 கிலோஹெர்ட்ஸைப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னலே இது, பட்டையா ஒரு கோடு?"

"நம்ம விஜயநாராயணத்துக் கோபுரம்மா. பேசிக்கிட்டே இருக்கு."

"நிக்கவே இல்லையே."

"நிறுத்த வேண்டாம்மா. நவுந்தாலே போதும்."

டிசம்பரில் ஒரு விடியற்காலை கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஒரு நண்பர் தன் திரையைப் படம் பிடித்து அனுப்பினார். பெரும்பாலும் சாம்பல் நிற இரைச்சல். நடுவில் கீழ்ப்படியும் மேல்படியுமாக என் கால்சைன். முதல் எழுத்து பாதி அழிந்திருந்தது. அடுத்து, மேல்படியில் வரிசையாக ஐந்து சின்னக் கோடுகள், ஒன்றுகூடக் குறையாமல்.