சரக்கு முதல் தட்டிலேயே தீர்ந்துவிட்டதா?

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது பழமொழி. முதலாவது நேராக அமைந்து, அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கோணிக்கொண்டே போனால் அதற்கு என்ன பெயர்? அதற்குப் பழமொழி எதுவும் இல்லை. ஆனால் மேல்நாட்டு இசை உலகில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவே இல்லை. அரங்கேற்றத் தட்டிலேயே உச்சியைத் தொட்டுவிட்டு, அடுத்தடுத்த தட்டுகளில் ஒவ்வொரு படியாக இறங்கியவர்களின் பட்டியல் நீளமானது.

இதற்கு இசை ரசிகர்கள் ஒரு காரணம் சொல்வது வழக்கம். முதல் தட்டுக்கான பாடல்களை எழுத ஒருவருக்கு அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் கிடைக்கிறது. இரண்டாவது தட்டுக்கோ சில மாதங்கள்தான் கிடைக்கின்றன. நிறுவனம் அவசரப்படுத்துகிறது, ஊர் ஊராகக் கச்சேரி, தங்கும் விடுதியில் அமர்ந்து பாடல் எழுத வேண்டிய நிலை. அதனால்தான் சரிவு என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரம் ஒன்றுதான் குறை என்றால், வேண்டிய அளவு நேரம் கிடைத்தவர் சரியக் கூடாது அல்லவா? அப்படி நேரம் கிடைத்த ஒருவர் இருக்கிறார். இரண்டாவது தட்டுக்கும் மூன்றாவது தட்டுக்கும் இடையில் எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர். அவர்தான் அமெரிக்காவின் ‘பாஸ்டன்’ இசைக்குழுவை உருவாக்கிய டாம் ஷோல்ஸ்.

நிலவறைப் பொறியாளர்

1947ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பிறந்தவர் ஷோல்ஸ். புகழ்பெற்ற எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியலில் இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பிறகு போலராய்டு நிறுவனத்தில் பொருள் வடிவமைப்புப் பொறியாளராகச் சேர்ந்தார். எடுத்த படத்தை உடனே கையில் தரும் கேமரா செய்த அதே போலராய்டுதான். சிறுவயதில் பியானோ கற்றிருந்தாரே தவிர, அவரை ஓர் இசைக்கலைஞர் என்று யாரும் அறிந்திருக்கவில்லை.

பகலில் அலுவலகம், இரவில் நிலவறை. இதுதான் அவர் வாழ்க்கை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் அவர் குடியிருந்த வீட்டின் நிலவறையில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். கித்தார், ஆர்கன், பேஸ் கித்தார் ஆகிய எல்லாவற்றையும் அவரே வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். டிரம்ஸ் வாசிக்க நண்பர் ஜிம் மஸ்டியா வந்தார். பாடுவதற்கு பிராட் டெல்ப் வந்தார். டெல்ப்பும் முழுநேரப் பாடகர் அல்லர். காப்பி போடும் மின்கருவிக்கான சூடேற்றும் பாகங்களைச் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

மாதிரிப் பதிவுகள் இசை நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. ‘வேண்டாம்’ என்று பதில் வந்தது. மீண்டும் அனுப்பப்பட்டன. மீண்டும் ‘வேண்டாம்’. இப்படியே ஆண்டுகள் ஓடின. ஒவ்வொரு மறுப்புக்கும் பிறகு ஷோல்ஸ் நிலவறைக்குத் திரும்பினார். பழையதை அழித்தார், புதிதாகப் பதிவு செய்தார். பின்னாளில் உலகமே முணுமுணுத்த ‘மோர் தேன் எ ஃபீலிங்’ பாடலை முடிக்க அவருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிடித்தன. ‘ஃபோர்பிளே’ என்ற இசைப்பகுதியின் தொடக்கம் 1969ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மாணவராக இருந்தபோது தோன்றியது, வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தட்டில் ஏறியது.

ஒருவழியாக 1975ல் சி.பி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த எபிக் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. ஆனால் ஒரு நிபந்தனை. மாதிரிப் பதிவில் இருப்பதைப் போலவே எல்லாவற்றையும் முறையான ஒலிப்பதிவுக்கூடத்தில், குழுவாக, மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். நிலவறையில் ஒரு பொறியாளர் தனியாகச் செய்ததை அப்படியே வெளியிட நிறுவனம் தயாராக இல்லை.

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் குழுவின் மற்றவர்களை அழைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார். எபிக்கைப் பொறுத்தவரை தட்டு அங்கே தயாராகிறது. ஷோல்ஸ் மட்டும் வாட்டர்டவுனிலேயே தங்கி, அதே நிலவறையில், அதே கருவிகளைக் கொண்டு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் குழு முழுதாகப் பதிவு செய்தது ஒரே ஒரு பாடல். மற்றவை நிலவறையில் உருவாகி, பிறகு ஒலிப்பதிவு வசதி கொண்ட ஒரு வாகனத்தை வீட்டு வாசலுக்கு வரவழைத்து நாடா மாற்றப்பட்டு, மேற்குக் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டு முடிக்கப்பட்டன.

1976 ஆகஸ்ட்டில் ‘பாஸ்டன்’ என்ற பெயரிலேயே தட்டு வெளிவந்தது. எட்டே பாடல்கள். நாற்பது நிமிடம்கூட இல்லை. தள்ளிவிட்டுப் போகத் தோன்றும் பாடல் ஒன்றுகூட அதில் இல்லை என்பது அன்றும் இன்றும் பலருடைய கருத்து. அமெரிக்காவில் மட்டும் அது 17 மில்லியன் பிரதிகள் என்ற சான்றிதழைப் பெற்றது. ஓர் அரங்கேற்றத் தட்டு அந்த அளவு விற்றது அபூர்வத்திலும் அபூர்வம். தட்டு வெளிவந்த பிறகும் ஷோல்ஸ் போலராய்டு வேலையைச் சில காலம் விடவில்லை. இந்த வெற்றியை அவராலேயே நம்ப முடியவில்லை போலும்!

அவசரமும் தாமதமும்

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978 ஆகஸ்ட்டில் ‘டோன்ட் லுக் பேக்’ வந்தது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. விற்பனைச் சான்றிதழ் 7 மில்லியன். மொத்த நீளம் முப்பத்து நான்கு நிமிடத்துக்கும் குறைவு. தலைப்புப் பாடல் முதல் தட்டின் பாடல்களோடு தோளோடு தோள் நிற்கக்கூடியது. ஆனால் தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் வலுவிழந்து ஒலிக்கிறது. ஷோல்ஸ் அதை மறுக்கவில்லை. நிறுவனம் நெருக்கியதால்தான் முழுமை பெறாத தட்டைக் கொடுக்க நேர்ந்தது என்று பின்னர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது தட்டு பட்டியலில் முதலிடம் பிடித்ததே, பிறகெங்கே சரிவு என்று கேட்கலாம். முதல் தட்டு மூன்றாம் இடத்தைத் தாண்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு தட்டு வெளிவந்த முதல் வாரங்களில் அதை வாங்குபவர், பெரும்பாலும் அதைக் கேட்டுவிட்டு வாங்குவதில்லை. அதற்கு முந்தைய தட்டைக் கேட்டுவிட்டு வாங்குகிறார். நல்ல பெயர் என்பது வங்கியில் போட்ட பணம் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும், ஆனால் ஒரே நாளில் தீர்ந்துவிடாது. பாஸ்டன் குழுவின் கணக்கு 17, 7, 4, 1 என்று மில்லியன் கணக்கில் படிப்படியாக இறங்கியதற்கு அதுதான் காரணம்.

அடுத்த தட்டுக்கு யாரும் நெருக்க முடியாது என்று ஷோல்ஸ் முடிவு செய்தார். மீண்டும் நிலவறை வாழ்க்கை. ஆனால் இம்முறை அலுவலகம் இல்லை. மாதங்கள் ஆண்டுகளாயின. குழுவில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? கித்தார் கலைஞர் பேரி கூட்ரோ 1980ல் தனியாக ஒரு தட்டை வெளியிட்டார். டெல்ப்பும் டிரம்ஸ் கலைஞர் சிப் ஹாஷியனும் அதில் பங்கேற்றனர். பின்னர் கூட்ரோ குழுவை விட்டே விலகினார். 1983ல் சி.பி.எஸ். நீதிமன்றம் போனது. குறித்த காலத்தில் தட்டு தரவில்லை, இழப்பீடு 60 மில்லியன் டாலர் என்று வழக்கு. ஒரு கலைஞன் மெதுவாக வேலை செய்வது ஒப்பந்த மீறல் ஆகுமா என்பதே வழக்கின் சாரம். வழக்கு 1990 வரை இழுத்தது. முடிவில் வென்றது ஷோல்ஸ்தான்.

அந்த ஆண்டுகளில் ஷோல்ஸ் சும்மா இருக்கவும் இல்லை. சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, 1982ல் ‘ராக்மேன்’ என்ற சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கித்தாரை அதில் செருகி, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டால், நிலவறையில் அவர் ஆண்டுக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்த அந்தத் தடித்த, மினுமினுப்பான ஒலி யாருக்கும் கிடைத்துவிடும். பிரிட்டனின் ‘டெஃப் லெப்பர்ட்’ குழுவினர் 1987ல் வெளிவந்த தங்கள் ‘ஹிஸ்டீரியா’ தட்டில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஷோல்ஸ் அந்தப் பத்தாண்டில் செய்த மிகச் சிறந்த காரியம் ஒரு பாடல் அல்ல, இந்தப் பெட்டிதான் என்று சொன்னால் அவருடைய ரசிகர்கள் கோபிக்கக்கூடும். ஆனால் அதில் பொய்யில்லை. அதன் விளைவையும் யோசிக்க வேண்டும். 1976ல் வேறு எவரிடமும் இல்லாத ஒலி, 1986ல் கடையில் விலைக்குக் கிடைத்தது. தன் தனித்தன்மையைத் தானே பெட்டியில் அடைத்து விற்றவர் அவர்.

1986ல் ‘தர்ட் ஸ்டேஜ்’ வேறொரு நிறுவனத்தின் வெளியீடாக, எம்.சி.ஏ. மூலம் வந்தது. ‘அமாண்டா’ பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பாடலுக்குப் படக்காட்சி இல்லாவிட்டால் பிழைப்பில்லை என்றிருந்த எம்.டி.வி. காலத்தில், படக்காட்சியே இல்லாமல் அது வென்றது. தட்டும் முதலிடம். ஆயினும் எட்டு ஆண்டு உழைப்பு என்று சொல்லிக் கையில் கொடுத்தால், கேட்பவர் எட்டு ஆண்டு முன்னேற்றத்தை எதிர்பார்ப்பார். கிடைத்ததோ பத்தாண்டுக்கு முந்தைய ஒலியை இன்னும் வழவழப்பாக்கிய ஒரு தட்டு. தேய்த்துத் தேய்த்துப் பாத்திரம் பளபளத்தது, விளிம்புதான் தேய்ந்துபோனது.

எதிர்த்திசையில் ஒரு சான்று

அவசரம் கெடுக்கும் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் ‘நேக்’ குழுவைப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் இரவு விடுதிகளில் வாசித்துத் தேர்ந்த நால்வர். 1979ல் இரண்டே வாரத்தில், சுமார் 18,000 டாலர் செலவில் முதல் தட்டைப் பதிவு செய்தார்கள். ‘மை ஷரோனா’ ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த தட்டு எட்டே மாதத்தில், 1980 பிப்ரவரியில் வந்தது. அது பதினைந்தாம் இடத்தோடு நின்றது. 1981ல் வந்த மூன்றாவது தட்டு முதல் தொண்ணூறுக்குள்கூட நுழையவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவே கலைந்தது.

ஆக, எட்டு மாதத்தில் செய்தவர்களும் இறங்கினார்கள், எட்டு ஆண்டில் செய்தவரும் இறங்கினார். அப்படியானால் கடிகாரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டு முதல் தட்டுகளுக்கும் பொதுவாக இருந்தது வேறொன்று. நேக் குழுவின் பாடல்களை விடுதிக்கு வந்த கூட்டம் இரவுதோறும் சோதித்தது. பிடிக்காவிட்டால் அங்கேயே முகம் திருப்பிக்கொள்ளும் கூட்டம் அது. ஷோல்ஸின் பாடல்களை ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பிய நிறுவனங்கள் சோதித்தன. 17 மில்லியன் விற்ற பிறகு அவரிடம் யார் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும்? ‘சீக்கிரம்’ என்று சொல்லத்தான் ஆள் இருந்தது. நிறுவனம் தேதியைக் கேட்டதே தவிர, பாடலைத் திருப்பி அனுப்பவில்லை. நிலவறையில் இப்போது அவரை மறுக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். தன்னைத் தானே மறுத்துக்கொண்டிருப்பவர் பாடலை மாற்றுவதில்லை, ஒலியைத்தான் மெருகேற்றிக்கொண்டிருப்பார்.

எபிக் நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1978ல் அவர்கள் நெருக்கியிருக்காவிட்டால் இரண்டாவது தட்டு எப்போது வந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பின்னால் நடந்ததைப் பார்த்தால், நெருக்கடியில் வந்த அந்தத் தட்டுதான் சாவகாசமாக வந்த எல்லாவற்றையும்விட முதல் தட்டுக்கு அருகில் நிற்கிறது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டெல்ப் சில காலம் விலகி, கூட்ரோவுடன் சேர்ந்து ‘ஆர்.டி.இசட்.’ என்ற குழுவில் பாடினார். அவர் இல்லாத ‘வாக் ஆன்’ 1994ல் வந்து ஏழாம் இடம் பிடித்தது. பாஸ்டன் என்றால் முதலில் நினைவுக்கு வரும் அந்த உச்சஸ்தாயிக் குரல் இல்லாமல் ஒரு பாஸ்டன் தட்டு! டெல்ப் திரும்பி வந்த பிறகு, 2002ல் ‘கார்ப்பரேட் அமெரிக்கா’ வந்து நாற்பத்திரண்டாம் இடத்தோடு அடங்கியது.

டெல்ப் பெரிய புகழைத் தலையில் ஏற்றிக்கொண்டவர் அல்லர். பாஸ்டன் ஓய்ந்திருந்த காலங்களில் ‘பீட்டில்ஜூஸ்’ என்ற சிறு குழுவில் சேர்ந்து, வட்டார விடுதிகளில் பீட்டில்ஸ் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் 2007 மார்ச்சில், 55 வயதில் காலமானார்.

2013 டிசம்பரில் ‘லைஃப், லவ் அண்ட் ஹோப்’ வெளிவந்தது. பத்தாண்டுக்கும் மேலாக ஷோல்ஸ் தன் சொந்த ஒலிப்பதிவுக்கூடத்தில், பழைய முறைப்படி நாடாவில் பதிவு செய்து உருவாக்கிய தட்டு. அதில் சில பாடல்கள் முந்தைய தட்டிலிருந்தே எடுத்து மெருகேற்றப்பட்டவை. சில பாடல்களில் ஒலிப்பது, மறைந்து ஆறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்த டெல்ப்பின் குரல்.