தொடர் தலையடி மூளைச் சிதைவு

தொடர் தலையடி மூளைச் சிதைவு (சி.டி.இ.) என்பது, தலையில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை படிப்படியாகச் சிதையும் நோய். குத்துச்சண்டை, அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி, ரக்பி வீரர்களிடமும் முன்னாள் படைவீரர்களிடமும் இது கண்டறியப்பட்டுள்ளது. நினைவிழக்கச் செய்யும் பலத்த அடிகள் மட்டும் இதற்குக் காரணமல்ல. அப்போதைக்கு எந்த அறிகுறியும் காட்டாத மோதல்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கேடு செய்கின்றன.

வரலாறு

குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் மந்தநிலையையும் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-இல் விவரித்தார். நெடுங்காலம் இது அந்த விளையாட்டுக்கே உரிய நோயாகக் கருதப்பட்டது. 2002-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்த, நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, அமெரிக்கக் கால்பந்து வீரரிடமும் இந்நோய் இருப்பதை 2005-இல் வெளியிட்டார்.

தன்மை

தலை சட்டென்று குலுங்கும்போது மூளைத் திசு இழுபட்டு நரம்பிழைகள் சேதமடைகின்றன. அவற்றுக்கு உறுதி தரும் டௌ புரதம் உருக்குலைந்து, மூளை மடிப்புகளின் ஆழத்தில் சிறு ரத்தநாளங்களைச் சுற்றிப் படிகிறது. மறதி, முடிவெடுப்பதில் தடுமாற்றம், கட்டுக்கடங்காத கோபம், மனச்சோர்வு ஆகியவை அறிகுறிகள். இறந்தபின் மூளைத் திசுவைச் சோதித்தே நோயை உறுதிசெய்ய முடியும். தலைக்கவசம் மண்டையோட்டு முறிவைத் தடுக்க உதவும்; உள்ளே மூளை குலுங்குவதை முழுதும் தடுக்காது.

இளம் வீரர்கள்

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 30 வயதுக்குள் இறந்த 152 வீரர்களில் 63 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. அவை கொடையாகக் கிடைத்த மூளைகள். அறிகுறிகளைக் கண்ட குடும்பத்தாரே கொடைக்கு முன்வருவது மிகுதி. எனவே இவ்விகிதம் எல்லா வீரர்களுக்கும் பொருந்தாது.

படைவீரர்கள்

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் குண்டுவெடிப்பின் அதிர்வலைக்கு ஆளானோர் பலர். அத்தகைய சிலரது மூளையில் இந்நோய் இருந்ததாக 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் படைப்பணியில் இருந்த 225 பேரின் மூளைகளை ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில் 10 பேரிடமே இது தென்பட்டது. அந்தப் பத்துப் பேரும் மோதல் விளையாட்டு ஆடியவர்கள். போருக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் அறிகுறிகளும் ஏறத்தாழ சி.டி.இ. அறிகுறிகளைப் போன்றவையே என்பதால், படைவீரர்களிடம் காரணத்தைப் பிரித்தறிவது கடினம்.

விழிப்புணர்வும் விதிகளும்

2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தலையில் அடிபட்ட 13 வயது மாணவர் அதே ஆட்டத்தில் மீண்டும் களமிறங்கி, மூளையில் ரத்தக்கசிவுக்கு ஆளானார். அதன் விளைவாக 2009-இல் அவர் பெயரால் லிஸ்டெட் சட்டம் வந்தது. அதன்படி, மூளை அதிர்ச்சி எனச் சந்தேகம் எழுந்தாலே மாணவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். மருத்துவப் பணியாளரின் எழுத்துவழி ஒப்புதல் பெற்றே திரும்ப அனுமதிக்க வேண்டும். 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின.

இச்சட்டங்கள் வெளியே தெரியும் அதிர்ச்சிக்கே காவல். அறிகுறியற்ற அடிகளைக் குறைக்க வேறு விதிகள் தேவைப்பட்டன. அமெரிக்கக் கால்பந்தில் மோதல் பயிற்சி குறைக்கப்பட்டது. அந்நாட்டின் கால்பந்து (சாக்கர்) கூட்டமைப்பு 10 வயது வரையிலான சிறுவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தடைசெய்தது. ஸ்காட்லாந்து 2020-இல் 12 வயதுக்குட்பட்டோரின் பயிற்சியில் அதே தடையை விதித்தது.