பி. டி. இராசன்

பொன்னம்பல தியாகராசன் (ஏப்ரல் 22, 1892 - செப்டம்பர் 25, 1974) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரும் ஆவார். பரவலாக பி. டி. இராசன் என அறியப்பட்ட இவர், 1936 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பதவி வகித்தார்.

பிறப்பும் கல்வியும்

இராசன் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள உத்தமபாளையத்தில் ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். கூடலூர், கம்பம், சின்னமனூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இப்பகுதி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1996 இல் தேனி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியானது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் லேய்ஸ் பள்ளியிலும் ஆக்சுபோர்டு இயேசு கல்லூரியிலும் பயின்ற இவர், இன்னர் டெம்பிளில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார்.

அரசியல்

இரட்டை ஆட்சி முறையின் கீழ் 1920 இல் நடந்த முதல் தேர்தலில் இராசன் சென்னை சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் சொத்துடைமை போன்ற தகுதிகள் உடைய சிலருக்கே வாக்குரிமை இருந்தது. 1930 இல் முனுசாமி நாயுடு அமைச்சரவையில் வளர்ச்சித் துறை அமைச்சரானார். 1932 இல் அமைந்த பொப்பிலி அரசரின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். பொப்பிலி அரசர் விடுப்பில் சென்றபோது, 1936 ஏப்ரல் 4 முதல் ஆகத்து 24 வரை முதலமைச்சராக இருந்தார்.

1937 தேர்தலில் காங்கிரசு 215 இடங்களில் 159 இல் வென்றது. இராசன் உட்பட நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்கள் பலர் தோல்வியுற்றனர். 1938 இல் பெரியார் ஈ. வெ. இராமசாமி கட்சித் தலைவரானார். 1944 இல் சேலம் மாநாட்டில் கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என மாற்றப்பட்டது. இம்மாற்றத்தை ஏற்காத ஒரு பிரிவினர் பழைய பெயரிலேயே இயங்கினர். பின்னர் அவர்களுக்கு இராசன் தலைமை வகித்தார்.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்டு 1952 இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், சென்னை சட்டமன்றத்திற்கு நீதிக்கட்சி ஒன்பது இடங்களில் போட்டியிட்டது. கம்பம் தொகுதியில் நின்ற இராசன் மட்டுமே வெற்றி பெற்றார். குறுகிய வாக்குரிமைக் காலத்தில் வளர்ந்த அக்கட்சிக்கு, பொது வாக்குரிமையின் கீழ் கிடைத்த ஒரே இடம் அவரது சொந்தப் பகுதியில் அமைந்தது. இத்தேர்தலுக்குப் பின் நீதிக்கட்சி மீண்டும் தலையெடுக்கவில்லை.

சமயப் பணிகள்

இறைமறுப்பைப் பரப்பிய பெரியாரிலிருந்து வேறுபட்டு, இராசன் இறைப்பற்று உடையவராக விளங்கினார். 1950 இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானதைத் தொடர்ந்து செய்யப்பட்ட புதிய ஐயப்பன் திருவுருவைத் தமிழகத்தில் ஊர்வலமாகக் கொண்டு சென்றதில் இவருக்கு முக்கியப் பங்குண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணிக்கும் தலைமை தாங்கினார். அக்கோயிலின் குடமுழுக்கு 1963 இல் நடைபெற்றது.

குடும்பம்

இவருடைய மகன் பி. டி. ஆர். பழனிவேல்ராசன் 1996 முதல் 2001 வரை தமிழகச் சட்டமன்றப் பேரவைத் தலைவராக இருந்தார். பெயரன் பழனிவேல் தியாகராசன் 2021 முதல் 2023 வரை தமிழக நிதியமைச்சராகப் பணியாற்றினார். இவ்விருவரும் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.